சம்பளப் பாக்கிக்கு அவசர முறையீடா?

பிப்ரவரி 8, 2025. வாசகர் ஒருவர் கேட்டது:

"ஒருவரைச் சிறையில் வைத்து அடிக்கிறார்கள் என்றால் உலகெங்கும் இருந்து கடிதம் எழுதுவது புரிகிறது. நான்கு மாதச் சம்பளம் வரவில்லை, எஸ்டேட் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள், குடிசையை இடிக்கிறார்கள் என்பதற்கெல்லாம் 'அவசரம்' என்று தலைப்பிட்டு மின்னஞ்சல் வருகிறதே, இது மிகையில்லையா? இவை வழக்காடித் தீர்க்க வேண்டியவை. சிங்கப்பூரில் அதற்கு அமைச்சு இருக்கிறது, மன்றம் இருக்கிறது."

பிப்ரவரி 8, இரவு

மிகையில்லை. ஆனால் நீங்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவசர முறையீடு, அதாவது உலகெங்கும் இருந்து உடனே கடிதம் எழுதச் சொல்லும் வேண்டுகோள், சிறைக் கைதியின் அளவுக்குத் தைத்த சட்டை. அதைக் கூலிக்காரருக்கு மாட்டிவிட்டால் ஒரு பக்கம் தொங்கும், ஒரு பக்கம் இறுக்கும்.

மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி தன் முதல் அவசர முறையீட்டை 1973 மார்ச் 19 அன்று வெளியிட்டது. பிரேசிலின் இராணுவ ஆட்சி பிடித்துச்சென்ற லூயிஸ் பசீலியோ ரொஸ்ஸி என்ற பேராசிரியருக்காக. கணக்கு எளிது. பிடித்த முதல் சில நாள்களில்தான் அடி விழும்; அதற்குள் அதிகாரியின் மேசையில் கடிதங்கள் குவிய வேண்டும். ஆள் யார், பிடித்தது யார், எங்கே வைத்திருக்கிறார்கள், யாருக்கு எழுதுவது. அரைப் பக்கம் போதும். ரொஸ்ஸி பிறகு விடுதலையானார். அதே அமைப்பு வேலை, வீடு, உணவு, மருத்துவம் ஆகிய உரிமைகளைத் தன் பணியில் சேர்த்துக்கொண்டது 2001-இல் டக்கார் நகரில் கூடியபோதுதான். நடுவில் இருபத்தெட்டு ஆண்டுகள். அதுவரை யாரும் பட்டினி கிடக்கவில்லையா என்ன? கடிதத்தை யார் மேசைக்கு அனுப்புவது என்பதில்தான் சிக்கல்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மன்றம் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கிறது, பயனுள்ள மன்றம்தான். 2017 ஏப்ரலில் வேலைக் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம் வந்தது. முதலில் சமரசப் பேச்சு, தீராவிட்டால் மன்றம். 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கேட்கலாம். தொழிற்சங்கத்தின் உதவியோடு போனால் 30,000 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. சம்பள காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் தர வேண்டும் என்று சட்டமும் தெளிவாகச் சொல்கிறது.

ஆனால் வழக்காட, ஆள் இங்கே இருக்க வேண்டும். வேலை அனுமதியை ரத்து செய்ய முதலாளிக்குக் கணினி முன் சில நிமிடம் போதும். அனுமதி போனால் வேலை போகிறது, அதே மூச்சில் விடுதிப் படுக்கையும் போகிறது. கையில் ஒரு விமான டிக்கெட். சம்பளத்தைத் தீர்க்காமல் அனுப்பக்கூடாது என்பது விதி. விதி தெரிந்தவர் எத்தனை பேர்?

தேக்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பிகளுக்கு மனு எழுதிக்கொடுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. கட்டுமானத்தில் துணைக் குத்தகை எடுத்த ஒரு சிறு நிறுவனத்தின் ஆள் ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசியில் அழைத்தார். பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்கள், மாலை திருச்சி விமானம், ஐந்து மாதப் பாக்கி. அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: விமான நிலையத்தில் குடிநுழைவு முகப்பில் கடப்பிதழை நீட்டும்போது, "எனக்குச் சம்பளப் பாக்கி இருக்கிறது, நான் புகார் கொடுக்க வேண்டும்" என்று அந்த அதிகாரியிடம் வாய் திறந்து சொல்லுங்கள். சொன்னார். நிறுத்தி, மனிதவள அமைச்சுக்குத் தகவல் போய், புகார் தீரும்வரை இங்கே இருக்க விடும் ஸ்பெஷல் பாஸில் தங்கினார். பாக்கி முழுதாக வந்ததா என்றால் வரவில்லை, பாதிக்குச் சற்று மேல் வந்தது.

அவருடைய உரிமை பறிபோகிற நேரம் அந்த ஒரு மாலைதான். அதற்கு முந்தைய ஐந்து மாதமும் அநியாயம்தான், ஆனால் அவசரமில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும் என்பதே என் கட்சி.

பிப்ரவரி 11

தைப்பூசம். சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமில்லை. ஈசூன் வாசகர் கேட்டிருக்கிறார்: "இவ்வளவு கூட்டம் கூடுகிறது, சம்பளத்துக்காக ஒரு ஊர்வலம் போனால் என்ன?"

காவடிக்கும் அனுமதி வாங்கித்தான் போகிறார்கள், ஐயா. ஒரு கோரிக்கையை முன்வைத்துப் பொது இடத்தில் கூட வேண்டுமென்றால் 2009-ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டப்படி காவல்துறையின் அனுமதி தேவை. ஹாங் லிம் பூங்காவில் பேச்சாளர் சதுக்கம் உண்டு. அங்கும் வெளிநாட்டவர் ஆர்ப்பாட்டத்தில் சேர முடியாது. யாருக்காகக் கூடுகிறோமோ அவர்கள் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். வேண்டாம். இங்கே இயக்கம் என்றால் மேசை வேலை: மனு, நகல், தேதி, தொலைபேசி. மெகாபோன் வாங்க வைத்திருந்த காசில் நகலெடுக்கும் இயந்திரத்துக்கு மை வாங்குங்கள்.

பிப்ரவரி 16

உட்லண்ட்ஸிலிருந்து ஒருவர் என்னை மடக்கியிருக்கிறார்: "சிங்கப்பூர் ஐ.நா.வின் பொருளாதார, சமூக உரிமை உடன்படிக்கையில் சேரவே இல்லையே, எந்த உரிமையைப் பற்றிப் பேசுகிறீர்கள்?"

சரியான கேள்வி. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான அனைத்துலக உடன்படிக்கை 1966 டிசம்பர் 16 அன்று ஐ.நா. பொதுச் சபையில் நிறைவேறியது, 1976 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1979-இல் சேர்ந்தது, இலங்கை 1980-இல். சிங்கப்பூரும் மலேசியாவும் சேரவில்லை. பெண்கள், குழந்தைகள் தொடர்பான இரு உடன்படிக்கைகளில் 1995-இலும், உடற்குறையுள்ளோர் தொடர்பானதில் 2013-இலும், இனப்பாகுபாட்டுக்கு எதிரானதில் 2017-இலும் சிங்கப்பூர் சேர்ந்திருக்கிறது. இதில் இன்னும் சேரவில்லை.

ஆகவே இங்குள்ள முதலாளிக்கோ அதிகாரிக்கோ எழுதும் கடிதத்தில் ஐ.நா.வை இழுக்காதீர்கள். முதல் வரியிலேயே ஐபிஏ கடிதத்தை எடுத்துப் போடுங்கள். ஆள் இங்கே வருவதற்கு முன் அமைச்சு கொடுத்த ஒப்புதல் அது; அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று அதில் அச்சடித்திருக்கும். முதலாளி தானே எழுதிக்கொடுத்த எண். அதைவிடப் பெரிய உடன்படிக்கை அந்த மேசையில் வேறெதுவும் இல்லை.

சென்னைக்கும் கொழும்புக்கும் எழுதும்போது கதை வேறு. அங்கே உடன்படிக்கை கைகொடுக்கும். "கிடைக்கும் வளங்களைக் கொண்டு, படிப்படியாக" என்று அதன் இரண்டாம் பிரிவு சொல்வதைப் பிடித்துக்கொண்டு அரசுகள் தள்ளிப்போடுவது பழைய வழக்கம். அதனால்தான் 1990-இல் உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு தன் மூன்றாவது பொதுக் கருத்துரையில் ஒரு தரையைப் போட்டது: அடிப்படை உணவு, முதல்நிலை மருத்துவம், அடிப்படைத் தங்குமிடம், தொடக்கக் கல்வி ஆகியவற்றில் குறைந்தபட்சத்தையாவது உறுதிசெய்வது ஒவ்வொரு அரசின் கடமை. 1997-இல் வந்த ஏழாவது கருத்துரை வெளியேற்றம் பற்றியது. முன்கூட்டியே கலந்து பேச வேண்டும், போதிய கால அவகாசம் தர வேண்டும், இடிக்கும்போது அதிகாரி நேரில் இருக்க வேண்டும், மோசமான மழையிலோ இரவிலோ இடிக்கக்கூடாது. மழையைக்கூட எழுதிவைத்திருக்கிறார்கள் என்று முதல் முறை படித்தபோது சிரித்தேன். புல்டோசரைப் பார்த்தவர் யாரோதான் அந்த வரியை எழுதியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 17

மேலே உள்ளதைப் படித்துவிட்டு "அப்படியென்றால் சிங்கப்பூரில் உரிமையே இல்லை என்கிறீர்களா" என்று இரண்டு பேர். நான் அப்படி எழுதவில்லை. மீண்டும் படியுங்கள்.

பிப்ரவரி 20

உங்கள் முதல் கேள்விக்கு ஒரு பெரிய மனிதரின் ஆதரவும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் தலைவராக இருந்த கென்னத் ராத் 2004-இல் ஏறக்குறைய இப்படித்தான் வாதிட்டார். வெட்கப்படவைத்து வழிக்குக் கொண்டுவரும் முறை பலிக்க மூன்று தெளிவு வேண்டும்: என்ன மீறல், மீறியவர் யார், என்ன செய்தால் சரியாகும். ஏழ்மை, பள்ளிக்கூடம் இல்லாமை போன்றவற்றில் இந்த மூன்றும் கலங்கிவிடுகின்றன, ஆகவே கவனமாகத் தேர்ந்தெடுங்கள் என்றார். ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்த மேரி ராபின்சன் உள்ளிட்டோர் மறுத்தார்கள்.

எனக்கு ராத் சொன்னதில் பாதி பிடிக்கும். ஏனென்றால் அவர் அளவுகோலையே வைத்துப் பார்த்தாலும் சம்பளப் பாக்கி முதல் ஆளாகத் தேறிவிடுகிறது. மீறல் என்ன என்பது ஐபிஏ கடிதத்தில் இருக்கிறது, மீறியவர் பெயர் அனுமதி அட்டையில் இருக்கிறது, தீர்வு வெள்ளியும் காசுமாகக் கணக்கிடக்கூடியது. பல சித்திரவதை வழக்குகளில்கூட இவ்வளவு தெளிவு கிடைக்காது. கலங்கிப்போவது வேறிடத்தில். அதை ஞாயிறு எழுதுகிறேன்.

பிப்ரவரி 23

மாஞ்சோலை. அம்பாசமுத்திரத்துக்காரர் இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தெரியாதவர்களுக்கு: சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்கள் வந்தன. தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கம்பெனி வீட்டில் இருந்தார்கள். 1999 ஜூலை 23 அன்று, கூலிக் கோரிக்கையோடும் சிறையில் இருந்த சக தொழிலாளரை விடுவிக்கக் கேட்டும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனபோது காவல்துறை தடியடி நடத்தியது. தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள், அதில் ஒரு குழந்தையும் உண்டு. அது உலகத்துக்குத் தெரிந்தது. பிணம் விழுந்ததால் தெரிந்தது.

2024-இல் நடந்ததற்கு அப்படிச் சத்தம் இல்லை. குத்தகை 2028-இல் முடியப்போகிறது, இடம் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, நிறுவனம் வேலையை நிறுத்துகிறது. தொழிலாளரிடம் விருப்ப ஓய்வுப் படிவத்தில் கையெழுத்து கேட்டார்கள். 2024 டிசம்பரில் உயர்நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்து, அரசு அறிவித்த மறுவாழ்வை நிறைவேற்றச் சொன்னது.

இங்கே யாருக்கு எழுதுவது? நிறுவனம், "எங்கள் குத்தகை முடிகிறது" என்கிறது. வனத்துறை, "இது காடு" என்கிறது. மாவட்ட நிர்வாகம், "கீழே வீடு தருகிறோம்" என்கிறது. மூவரும் சொல்வது அவரவர் கணக்கில் உண்மைதான். ராத் சொன்ன கலங்கல் இதுதான். ஆனாலும் அவசரமான நாள் ஒன்று இருந்தது: படிவத்தில் கையெழுத்துக் கேட்ட நாள். கையெழுத்துக்கு முன் நூறு கடிதம் போயிருந்தால், "வீடு, பள்ளி, ரேஷன் எல்லாம் கீழே தயாரான பிறகே கையெழுத்து" என்ற ஒரு வரியையாவது சேர்க்கச் சொல்லிப் பேரம் பேசியிருக்கலாம். கையெழுத்தான பிறகு எழுதுவது இரங்கல் கடிதம்.

ஊத்தில் பிறந்த தம்பி ஒருவர் இங்கே துவாஸ் பக்கம் வேலை பார்க்கிறார். வாட்ஸ்அப்பில் அம்மா அனுப்பிய படத்தைக் காட்டினார்: சாமான்களை மூட்டை கட்டி வாசலில் வைத்திருக்கிறார்கள். "நான் விடுதியில் இருக்கிறேன், அவர்கள் எஸ்டேட் லயன் வீட்டில் இருந்தார்கள், எங்கள் வீட்டில் யாருக்குமே வீடு இல்லை, அண்ணே" என்றார். வேலையோடு கட்டிய வீடு எங்கே இருந்தாலும் இப்படித்தான். வேலை உரிமை, வீட்டு உரிமை, பிள்ளையின் பள்ளி உரிமை என்று உடன்படிக்கையில் தனித்தனிப் பிரிவாக இருப்பவை இவர்களுக்கு ஒரே நாளில் போகின்றன. அவசர முறையீடு எழுதுகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 24

"குத்தகை 2029 வரை" என்று ஒருவர் என்னைத் திருத்தியிருக்கிறார். 1929 பிப்ரவரியில் தொடங்கிய 99 ஆண்டு 2028 பிப்ரவரியில் முடியும். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

மார்ச் 2, ஞாயிறு

இன்று ஒன்று யோசித்தேன், முன்பே எழுதியதை அது கொஞ்சம் அசைக்கிறது.

கைதிக்கான முறையீட்டின் உயிரே அவர் பெயர்தான். பெயர் வெளியே தெரிந்தால் அடிப்பவர் கை தயங்கும். அதனால் பெயரைச் சொல், படத்தைப் போடு, ஊரறியச் செய் என்பது பாடம். அதே பாடத்தை இங்கே ஒப்பித்தால் என்ன ஆகிறது? காலில் கட்டோடு படுத்திருக்கும் ஒரு தம்பியின் படத்தையும் பெயரையும் நல்லெண்ணத்தோடு யாரோ ஃபேஸ்புக்கில் போட்டார்கள். ஆயிரக்கணக்கில் பகிர்ந்தார்கள். நட்ட ஈடு கிடைத்தது. அதன் பிறகு அவர் வேறு வேலைக்கு முயன்றபோது ஏஜெண்ட் முதலில் காட்டியது அந்தப் பதிவைத்தான். "புகார் கொடுக்கிற ஆள்." கதவு மூடியது. ஊரில் கடன் அப்படியே இருக்கிறது.

விடுதலையான கைதி அதே சிறையில் மீண்டும் வேலை கேட்டுப் போவதில்லை. கூலிக்காரர் போயாக வேண்டும், அதே சந்தைக்கு, அடுத்த மாதமே. ஆகவே நான் இப்போது சொல்வது: இவ்வகை முறையீட்டில் தேதியையும் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியையும் கொட்டை எழுத்தில் போடுங்கள், பாதிக்கப்பட்டவர் பெயரை உரியவர் மேசைக்கு மட்டும் மூடிய உறையில் அனுப்புங்கள். "பெயரில்லாத முறையீட்டுக்கு யார் எழுதுவார்கள்" என்று பொதுத்தொடர்பு ஆள்கள் கேட்பார்கள். குறைவாகத்தான் எழுதுவார்கள். பொதுமக்களிடமிருந்து ஐந்நூறு கடிதம் வருவதைவிட, பிரதான குத்தகைதாரருக்குத் தொலைபேசியில் "உங்கள் தளத்தில் துணைக் குத்தகைக்காரர் சம்பளம் தரவில்லை, நாளை அமைச்சுக்குப் போகிறோம்" என்று ஒரு அழைப்பு போவது வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அழைப்பை யாரும் பகிர மாட்டார்கள், அதற்கு நன்கொடையும் வராது.

இதற்கு விதிவிலக்கு உண்டா? சிங்கப்பூரில் தொழிலாளரை லாரியின் பின்பக்கத்தில் ஏற்றிச்செல்லும் பிரச்சினை. அங்கே தனி ஆள் தேவையில்லை. எல்லாரும் தினமும் விரைவுச்சாலையில் பார்க்கிறார்கள். 2023-இல் பல அமைப்புகள் சேர்ந்து கூட்டறிக்கை விட்டன. வணிக அமைப்புகள் எதிர் அறிக்கை விட்டன. லாரிகள் இன்னும் ஓடுகின்றன.

மார்ச் 5

பண்பாட்டு உரிமையை ஏன் யாரும் தொடவில்லை என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். உள்ளூரிலேயே உதாரணம் உண்டு. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை, 1930-களிலிருந்து நடந்தது, 2017 ஜூலை 10 அன்று மூடினார்கள். வாடகையில்லாமல் தரையில் துணி விரித்து விற்றவர்கள், பெரும்பாலும் முதியவர்கள். வேறு இடம் கேட்டு மனுக்கள் போயின, கிடைக்கவில்லை. சிலருக்கு உணவங்காடி நிலையங்களில் கடை எடுக்க வழி காட்டினார்கள். பழைய ரேடியோ விற்பவர் கறிக்குழம்புக் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் வியாபாரம் ஆகுமா?

எதிர்ப்பு வலுத்தது கடைசி சில மாதங்களில்தான். அதுவரை பெரும்பாலானோர் அங்கே போனதே இல்லை. கடைசி வாரத்தில் கேமராவோடு வந்தவர்கள் விற்பவர்களைவிட அதிகம். (நான் அங்கே வாங்கிய கடிகாரம் ஒரு நாளைக்கு இரண்டு முறை சரியான நேரம் காட்டும்.)

புக்கிட் பிரவுன் இடுகாடு இன்னொன்று. 2011-இல் சாலைத் திட்டம் அறிவித்தார்கள், ஆயிரக்கணக்கான கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள், சாலை வந்தது. ஆனால் தொண்டூழியர்கள் கல்லறை கல்லறையாகப் பதிவு செய்தார்கள், இன்றும் சுற்றிக் காட்டுகிறார்கள். சாலையைத் தடுக்கவில்லை என்பதால் தோல்வி என்று முன்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை.

மார்ச் 9

மாதிரிக் கடிதம் கேட்டவர்களுக்கு. மாதிரி தர மாட்டேன், அப்படியே நகலெடுத்து அனுப்புவீர்கள். ஒரே வாசகம் ஐம்பது முறை வந்தால் அதிகாரி ஒன்றைத்தான் படிப்பார். நம்மவர்கள் எழுதும் மனுக்களில் இரண்டு நோய் உண்டு. ஒன்று, "கருணை உள்ளம் கொண்ட ஐயா அவர்கள் திருவடி பணிந்து" என்று தொடங்கி இரண்டாம் பக்கத்தில் விஷயத்துக்கு வருவது. மற்றது, முதல் வரியிலேயே சாபம். இரண்டையும் படிக்கும் குமாஸ்தாவுக்கு ஒரே கேள்விதான்: நான் என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள்? அதை மேலே எழுதுங்கள். "வரும் வெள்ளிக்கிழமைக்குள் இந்த ஊழியரைத் திருப்பி அனுப்புவதை நிறுத்திவைக்கக் கோருகிறேன்." அதற்குக் கீழே எத்தனை மாதம், எவ்வளவு வெள்ளி, எந்தத் தாள் இணைப்பு. அழுகையைக் கடைசியில் வையுங்கள், இடமிருந்தால்.

மார்ச் 15

இலங்கையின் ஹட்டனிலிருந்து வந்த நீண்ட குறிப்பைப் படித்தேன். மலையகத் தோட்டத் தொழிலாளர் ஆயிரம் ரூபாய் நாட்கூலி கேட்டுப் பல ஆண்டு போராடி, 2021-இல் சம்பள நிர்ணயச் சபை வழியாக அது வர்த்தமானியில் வந்து, அதையும் எதிர்த்துக் கம்பெனிகள் நீதிமன்றம் போனது வரை எழுதியிருக்கிறார். 2024-இல் 1,350 ஆனது. இதற்கு அவசர முறையீடு எழுதலாமா என்பது அவர் கேள்வி.

எழுத வேண்டாம் என்பேன். அது தொழிற்சங்கத்தின் வேலை, நீண்ட வேலை. ஜெனீவாவிலிருந்து வரும் மின்னஞ்சலால் நாட்கூலி ஏறாது. ஆனால் அதே மலையில் அவசரம் எங்கே இருக்கிறது தெரியுமா? 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். போவதற்கு வேறு நிலம் கொடுக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதத்துக்கும் மண்சரிவுக்கும் இடையில் கிடந்த மழைக்காலங்களில் ஒன்றிலாவது "இந்த லயனுக்கு மாற்று நிலம், இந்த மாதத்துக்குள்" என்று உலகெங்கும் இருந்து எழுதியிருக்க வேண்டும். இன்றும் சரிவு அபாயப் பட்டியலில் லயன்கள் இருக்கின்றன. ஹட்டன்காரரே, அந்தப் பட்டியலைக் கொண்டு வாருங்கள், கூலியை விடுங்கள்.

மார்ச் 16

"கூலியை விடுங்கள்" என்றதற்குத் திட்டு விழுந்திருக்கிறது. அவசர முறையீட்டுக்காக விடுங்கள் என்றேன். சங்கத்தில் விடாதீர்கள்.

மார்ச் 22

முதல் கேள்வி கேட்ட வாசகரே மீண்டும் வந்து, தன் மைத்துனர் கடந்த அக்டோபர் கடைசியில் வேலையை விட்டதாகவும், மூன்று மாதச் சம்பளம் பாக்கி என்றும், புது முதலாளியிடம் நன்றாக இருப்பதால் அவசரமில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

அவசரம்தான். வேலையை விட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும். ஏப்ரல் கடைசியில் அவகாசம் முடிகிறது. அதோடு, பதியும் நாளிலிருந்து பின்னோக்கிப் பன்னிரண்டு மாதப் பாக்கியைத்தான் கேட்க முடியும், ஆகவே தள்ளிப்போடத் தள்ளிப்போடப் பழைய மாதங்கள் உதிரும். ஐபிஏ கடிதம், வங்கிக் கணக்கு விவரம், வேலைக்குப் போனதைக் காட்டும் எதுவானாலும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் உதவும். சம்பளச் சீட்டே தரவில்லை என்றால் அதையும் மனுவில் எழுதட்டும், சீட்டு தருவது 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம். புது முதலாளிக்குத் தெரிய வேண்டியதில்லை. சமரசப் பேச்சுக்கு அழைத்தால் பாதி நாள் விடுப்பு போதும், காரணம் கேட்டால் சொந்த வேலை என்று சொல்லட்டும்.